தினசரி மன்னிப்பு

விளக்கு வைக்கும் நேரமானால் அரசாங்கம் எங்கள் வாசலுக்கு மன்னிப்புக் கேட்க வந்துவிடும். தேங்காய் அளவுள்ள பறக்கும் கருவி அது. அருமையான தமிழ் பேசும். வெள்ளைக்காரன் எங்கள் பாட்டன்மாரைப் பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்து, ராத்திரிதோறும் ஸ்டேஷனில் கைரேகை வைக்கச் சொன்னானாம். அதற்காக நம் சொந்த அரசு தலைகுனிகிறதாம். மன்னிப்பு கிடைத்ததற்கு அத்தாட்சியாக, வீட்டில் உள்ள எல்லோரும் அதன்மேல் கட்டைவிரலை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவனைப் போலீஸ் தேடும். வெள்ளைக்காரன் எங்களை வரச்சொன்னான், இவர்கள் வீடு தேடி வருகிறார்கள். முன்னேற்றம்தான்.

போன வாரம் என் மனைவி முத்துப்பேச்சிக்கு வலி எடுத்தது. ஆட்டோவில் மதுரைக்கு விரைந்தோம். வழியிலேயே இருட்டிவிட்டது. ஏட்டு கைகாட்டி நிறுத்தினார்.

"ஏட்டய்யா, பிள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். விடுங்கய்யா."

"நாங்க என்ன தண்டனையா குடுக்குறோம்? மன்னிப்புத்தானப்பா கேக்குறோம். ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிட்டுப் போ."

போனோம். வரிசை நீளமாக இருந்தது. நின்றவர்கள் எல்லோரும் எங்கள் சனம்தான். முத்துப்பேச்சி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஏட்டு கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். மன்னிப்பு அவள் காதில் விழ வேண்டுமே!

பிள்ளை அந்தத் தரையிலேயே பிறந்தது. பெண் குழந்தை. தொப்புள்கொடி அறுக்கும் முன்பே கருவி அவள்மேல் வந்து நின்று மன்னிப்புக் கேட்டது. இத்தனூண்டு கட்டைவிரலில் ரேகை பதியவில்லை. அந்தச் சிரமத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, பாதத்தைக் காட்டச் சொன்னது.