தேவதைகள் மேல் பனிமூட்டம்

அவள் பூதக்கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

தேவதை அரசியின் ஊர்வலம். பழைய ஆங்கில நாடகம் ஒன்றில் வரும் காட்சி. இருநூறு வருடங்களுக்கு முன் இறகுப் பேனாவால் வரைந்த படம். விரல்நுனி அளவுத் தேவதைகள் நத்தைகள் மேல் ஏறிப் போகிறார்கள். எல்லார் மேலும் மெல்லிய பனிமூட்டம்.

அந்தப் பனியைப் பற்றி அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார்கள். ஓவியரின் மேதைமையாம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பனியாவது! ஈர மையின் மேல் கை தேய்த்த கறை. இடமிருந்து வலமாக இழுபட்டிருக்கிறது. இடது கைக்காரர்களுக்கென்றே வாய்த்த வரம். அவளுடைய பள்ளி நோட்டுகள் முழுக்க இதே பனிதான். அதற்காக வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல.

கீழே, ஓவியரின் நீளமான கையெழுத்தில் மட்டும் துளிக் கறை இல்லை. அது வலது கை போட்டது.

சிரிப்பு நின்றது.

படத்தோடு வந்த பழைய தாள்களின் பெட்டியைக் கிளறினாள். ஓவியருக்கு வந்த கடிதம் ஒன்று கிடைத்தது. மை தீர்ந்துவிட்டது, உடனே அனுப்பு, ஊர்வலத்தில் பாதிப் பேர் இன்னும் நத்தையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தது.

வரிக்கு வரி அதே பனி.

முடிவில் பெயர் இல்லை. 'உன் தங்கை' என்று மட்டும் இருந்தது.

நாளை மறுநாள் கண்காட்சி. ஓவியரின் பெயரோடு பெயர்ப்பலகை அச்சுக்குப் போய்விட்டது. மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்தவள் வாயைத் திறந்தால் வேலை நிலைக்குமா? திறக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கென்று வேறு யார்தான் இருக்கிறார்கள்?

அருங்காட்சியகக் காப்பாளர் ஞானசிகாமணியின் மேசையில் படத்தையும் கடிதத்தையும் அருகருகே வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். அவர் கண்ணெதிரே, இடது கையால், மைப்பேனாவில் நான்கு வரி எழுதிக் காட்டினாள்.

அவர் தாளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கடிதத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இத்தன வருஷமா இதப் பனின்னுல்ல பாடம் எடுத்துட்டிருந்தேன்," என்றார்.

அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"அந்தப் பலகைய நிறுத்துங்க. பேரு மாறுது."

என்ன பேர் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள் போலும். அவர் அவளைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அதற்குள் அவள் கை மேசையோரம் இருந்த அடுத்த பெட்டியின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கியிருந்தது.

"இன்னும் தெரியல," என்றார் அவர். "இடம் மட்டும் விட்டு வைங்க. பெருசாவே விடுங்க."