கரிக்கோடு

காக்கிச் சட்டைகளுக்கு அடியில் புட்டி இன்றைக்கும் இருந்தது. சூசை மேரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். சாராயமேதான்.

போன மாதம் அவள் புட்டியின் மேல் ரகசியமாகப் போட்டு வைத்த கரிக்கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழேதான் சரக்கு இறங்கியிருந்தது. சந்தேகம் சும்மா விடுமா? 'இந்த மனுஷன் வெளியில வேற புட்டி வச்சிருக்காரு' என்று முடிவு கட்டினாள்.

அவள் கணவன் ஞானராஜ், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் அடுப்புக்கரியில் ஓடும் கரி பஸ்ஸை ஓட்டுகிறவன். மற்றொரு டிரைவர் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து ராத்திரி நடையும் இவன் தலையில்தான். கண் இரண்டும் சிவந்து கிடக்கின்றன. சோற்றில் கை வைத்தபடியே சுவரில் சாய்ந்து விடுகிறான். முந்தாநாள் பஸ்ஸைக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் உரசிவிட்டான்.

"அம்மாம் வேலை குடுத்தா எந்த ஆம்பளதான் குடிக்க மாட்டான்?" என்றாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள்.

மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்தன்று மாதா கோயிலில், குடியைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தவன்! வேலை போனாலும் போகட்டும், பஸ்ஸில் ஏறுகிற ஜனங்கள் சாகக் கூடாது. முதலாளியிடமே சொல்லிவிடுவது என்று புட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு பஸ் ஷெட்டுக்கு ஓடினாள்.

அங்கே முதலாளி சுப்பராயலு சாவியோடு நின்றிருந்தார். தினமும் டிரைவரின் வாயை மோந்து பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பார்.

"ஊதுடா."

ஞானராஜ் ஊதினான்.

"த்தூ! காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டியா? இன்னிக்கு நானே ஓட்டிக்கிறேன். உனக்குக் கூலி கெடையாது, போ!"

மேரி சொல்ல வந்ததற்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஞானராஜுக்கு ரோஷமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பஸ் கிளம்பிப் போனதும் துண்டை உதறி வேப்பமரத்தடியில் விரித்தான்.

அவன் முன்னால் போய்ப் புட்டியை நீட்டினாள். "மாதா மேல சத்தியம் பண்ணீங்களே, இது இன்னாங்க?"

"ஒரு சொட்டு முழுங்கல மேரி. கொப்புளிச்சுத் துப்பிட்டுதான் வந்தேன்."

"எதுக்கு?"

அவன் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"தூக்கம் வருதுன்னு சொன்னாலும் சாவியைக் குடுக்கறாரு, குடிச்சிருந்தாத்தான் வூட்டுக்கு அனுப்பறாரு."