மாமியார் தொலைத்த சாவி

"சாவியைக் காணோம்மா."

ஃபிட்டர் இதைச் சொன்னபோது சூப்பர்வைசரின் விரல் பச்சைப் பொத்தான் மேல் தயாராக இருந்தது. அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

யார் வேண்டுமானாலும் சாவியைத் தொலைக்கலாம், இந்த மனிதர் தொலைக்க மாட்டார். தொழிற்சாலையில் அவருக்கு 'மாமியார்' என்று பெயர். ஒரு நட்டு லேசாக முனகினால் போதும், மெஷினை நிறுத்திவிட்டு ஆபரேட்டரை ஒரு பிடி பிடித்துவிடுவார். சோப்புத்தூள் கலக்கும் அந்தக் கிழட்டு டிரம் இன்னும் மக்கர் பண்ணாமல் ஓடுவதே அந்த நச்சரிப்பால்தான்.

அன்று டிரம்முக்குப் பராமரிப்பு நாள். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அணைத்த மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் டிரம் சுற்றும். பூட்டுப் போடாமல் உள்ளே தலையை நீட்டினாலும் அன்றோடு வேலை போச்சு. ஆபீஸில் சண்டை போட்டு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே மாமியார்தான்.

எல்லாப் பூட்டும் கழன்றுவிட்டது. மாமியாரின் பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே லாரி காத்திருந்தது.

"பாக்கெட்ல நல்லாப் பாருங்கண்ணே."

"இல்லம்மா. பின்பக்கம் எங்கயோ விழுந்திருக்கும். தேடிட்டு வரேன். அதுவரைக்கும் பூட்டை யாரும் தொடக்கூடாது."

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டிரம்முக்குப் பின்னால் போனார். போனவர் போனவர்தான். ரம்பம் கொண்டுவந்து பூட்டை அறுத்துவிடலாமா என்று ஒருவன் கேட்டான். மாமியாரே தொலைத்துவிட்டாரே என்று மற்றவர்களுக்குச் சிரிப்பு. போதாக்குறைக்கு மேனேஜரும் வந்து நின்றார்.

ஒருவழியாகச் சாவியோடு வந்தார் ஃபிட்டர். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அடுத்தவங்க மறந்தா அந்தக் குதி குதிக்கிறீங்க. நீங்க தொலைச்சா மட்டும் பரவாயில்லையா? மாமியார் உடைச்சா மண்குடமா?"

மேனேஜரும் சேர்ந்துகொண்டார். ஒரு சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவரை ஃபோர்மேன் ஆக்கினால் ஊர் சிரிக்கும், அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம் என்றார்.

அவளுக்கே சுருக்கென்றது. அவரை ஃபோர்மேன் ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவளே அவள்தான். முழங்கால் தேய்ந்துபோன மனிதர். ஃபோர்மேன் ஆகிவிட்டால் ஏணி ஏறி இறங்க வேண்டியதில்லை. இன்றைக்குச் சாயங்காலம் கையில் ஆர்டர் வாங்கியிருக்க வேண்டியவர்.

"தப்பு என்னோடதுதான் சார்" என்று சொல்லிவிட்டுப் பூட்டைக் கழற்றினார். அவள் பொத்தானை அழுத்தினாள். டிரம் சமர்த்தாகச் சுற்ற ஆரம்பித்தது.

சாப்பாட்டு நேரத்தில் தம்பியைப் பார்த்தாள். கூடப் பிறந்தவன். கண்டவர் காலில் விழுந்து அவள் இங்கே சேர்த்துவிட்டவன். காலையில் டிரம்மைச் சுத்தம் செய்தவர்களில் அவனும் ஒருவன். வெறுங்காலோடு உட்கார்ந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஷூ எங்கடா?"

"நனைஞ்சுடுச்சுக்கா. காயப் போட்டிருக்கேன்."

நிமிர்ந்தே பார்க்கவில்லை. இன்றைக்கு யார் முகத்திலும் களை இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் மனசு கேட்கவில்லை. வாய் தவறி ரொம்பப் பேசிவிட்டோம், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று ஃபிட்டர் அறைக்குப் போனாள்.

அவர் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சட்டென்று பைக்குள் திணித்தார். திணித்தது பாதிதான் உள்ளே போனது. சோப்புத்தூள் படிந்த ஷூ. அதன் சிவப்புக் கயிறு கடை கடையாக ஏறி அவளே தம்பிக்கு வாங்கிக் கொடுத்தது.

"இது எப்படிண்ணே உங்ககிட்ட?"

கொஞ்ச நேரம் மழுப்பிப் பார்த்தார். முடியவில்லை.

"சுரண்டியை உள்ளேயே விட்டுட்டு வந்துட்டானாம். தெரிஞ்சா அக்கா திட்டுவாங்கன்னு பயம். எடுக்குற வேலைதானேன்னு பூட்டுப் போடாம மறுபடியும் இறங்கிட்டான். நான் பூட்டை எடுக்க வரும்போது பின்பக்கக் கதவுக்கிட்ட இந்த ஷூ கிடந்துச்சு."

"அப்ப சாவி?"

"பாக்கெட்லதான் இருந்துச்சு. சத்தம் போட்டா பையன் வேலை போயிடும். அவனை வெளியே இழுத்துப் போட்டேன், அதுக்குள்ள மேனேஜர் குரல் கேட்டுது. மூட்டைக்குப் பின்னால ஓடச் சொல்லிட்டு ஷூவைப் பையில போட்டுக்கிட்டேன். முதுகுல ரெண்டு வெச்சுத்தான் அனுப்பினேன், இனிமே செய்ய மாட்டான்."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். பொத்தான் மேல் இருந்தது இந்த விரல்தான். பூட்டு கழன்றிருந்தால் யோசிக்காமல் அழுத்தியிருக்கும். நின்ற இடத்திலேயே அழுதாள். இந்த மனிதரையா அப்படிப் பேசினோம் என்று இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷூவைக் கையில் எடுத்தாள். வாசல் பக்கம் திரும்பாமல் மேனேஜர் அறைப் பக்கம் நடந்தாள்.

அவர் பதறிப்போய் வழியை மறித்தார். "வேண்டாம்மா. தம்பி வேலை போயிடும்."

"வேலை போனாப் போகட்டும்ணே. தம்பி இருக்கான்ல?"