காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

“சாமி இல்லேங்கிறியே புள்ள, பயம் வந்தா யாரக் கூப்பிடுவே?”

ஒன்பதாம் வகுப்பில் மாடசாமி கேட்டது. பூசாரி மகன். அவன் அப்பா நீட்டிய திருநீற்றை வாங்காமல் பவளராணி கையைக் கட்டிக்கொண்டு நின்ற அன்று, கோயில் படியில் வைத்துக் கேட்டான்.

“பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ, அவங்கள” என்றாள்.

கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம் அவள் அந்தப் படி ஏறவில்லை. மண்ணையும் பாறையையும் படித்தாள். எந்த மலை எப்போது சரியும் என்று அளந்து சொல்வது உத்தியோகமானது. அம்மா செத்தபோதுகூட ஒரு சூடம் கொளுத்தவில்லை. கடவுள் இல்லை என்று அவள் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. கேட்டவரிடம் மறைத்ததுமில்லை.

இன்று ஏறினாள். சப்பாத்தைக் கழற்றுவதற்குள் விரல்கள் மூன்று தடவை வழுக்கின.

தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் காலையில் அவள் முளைக்குச்சி அடித்தபோது நடுவில் நாலு விரல் இடைவெளி. மதியம் அது ஒரு சாண். மலைத் தண்ணீர் வரும் பீலியில் தண்ணீர் சாயத் தேத்தண்ணீர் நிறத்தில் கொட்டியது. மூன்று வீட்டுக் கதவுகள் நிலையில் இறுகிச் சாத்த முடியாமல் நின்றன.

மழை விடவேயில்லை.

பதினான்கு குடும்பமும் பொழுது சாய்வதற்குள் கீழே பஜார்ப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கியாக வேண்டும். அவள் சொன்னாள். கிராம சேவகர் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்து ஆபீசிலிருந்தும் ஆள் வந்து சொன்னார்.

ஒருவரும் அசையவில்லை. தைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி இது மூன்றாம் நாள். காப்புக் கட்டிய பிறகு தோட்டத்து எல்லையைத் தாண்டி ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. தங்கினால் பிள்ளைகளுக்கு ஆகாது.

கடைசியில் மாடசாமிதான் வழி சொன்னான். காலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் மாடசாமி, அப்பாவுக்குப் பிறகு பூசாரியும் அவன்தான்.

“பூக் கேட்டுப் பாப்போம். வெள்ள வந்தா எறங்குவோம். செவப்பு வந்தா இங்கதான்.”

வெள்ளை ரோஜா ஒன்று, சிவப்பு ரோஜா ஒன்று. எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினான். பிறகு அம்மனைப் பார்த்துத் திரும்பி, வாழையிலையில் தனித்தனியாகச் சுற்றி நூலால் கட்டினான். அவன் முதுகுதான் தெரிந்தது. கட்டி முடிக்க வெகுநேரம் எடுத்தான். ஒவ்வொரு நிமிடத்துக்கும் குச்சிகள் எவ்வளவு விலகியிருக்கும் என்று பவளராணி மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

இரண்டு பொட்டலமும் தட்டில் வந்தன.

“நம்மள்ல யாரு எடுத்தாலும் நாளைக்கு ஒரு பேச்சு வரும்” என்றாள் கருப்பம்மா. பவளராணியின் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள். “சாமி இல்லேங்கிற கையே எடுக்கட்டும். அம்மன் யாருன்னு நம்ம ஆபீசரம்மாவுக்கும் தெரியட்டும்.”

அந்த மழையிலும் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தட்டு அவள் முன்னால் வந்து நின்றது.

சரிபாதி. அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். மழை அளவுக்கும் மண்ணின் பாரத்துக்கும் மலைச் சரிவுக்கும் அவளிடம் எண் இருந்தது. இரண்டு வாழையிலைக்கு எந்த எண்ணும் இல்லை. பதினான்கு வீடுகள். முன்வரிசையில் கருப்பம்மாவின் பேத்தி, காப்புக் கட்டிய மணிக்கட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பின்னால் எங்கோ ஒரு கல் உருளும் சத்தம்.

அவள் கை நீண்டது. வலது பக்கம் போனது. நின்றது. இடது பக்கம் வந்தது.

அம்மா, வெள்ளை. தாயே, வெள்ளை.

உதடு அசைந்ததை அவளே பிறகுதான் உணர்ந்தாள்.

மாடசாமி பொட்டலத்தை வாங்கி நூலை அவிழ்த்தான்.

வெள்ளை.

பெண்கள் குலவை போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு நிமிடம் தாமதமில்லை. பிள்ளைகளைத் தூக்கினார்கள், டீவியை மழைக்குப் படங்கில் சுற்றினார்கள், அடையாள அட்டை, நகை, கேஸ் சிலிண்டர், கூண்டோடு இரண்டு கோழி. கருப்பம்மா போகிற போக்கில் பவளராணியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். கடைசிக் குடையும் தேயிலை மலையைத் தாண்டி வளைவில் மறைந்தது.

கோயில் காலியானது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வருடம் கழித்து அவளும் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டதும் வந்துவிட்டது. வெட்கமா, பயமா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தட்டில் மற்றப் பொட்டலம் அப்படியே இருந்தது.

ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்க்க வேண்டும். தொழில் பழக்கிய கை அது. நூலை இழுத்தாள். இலை விரிந்தது.

அதுவும் வெள்ளை.

நிமிர்ந்தாள். அம்மன் கழுத்தில் வெள்ளை ரோஜா மாலை. நடுவில் ஒரு பூ இருந்த இடம் வெறும் நாராக இருந்தது.

மாடசாமி அவளுக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில்தான் நின்றான். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. குனிந்து அவள் உள்ளங்கையிலிருந்த பூவை எடுத்தான். அம்மன் காலடியில் வைத்தான். விழுந்து கும்பிட்டான். எழும்ப நேரமானது.

பிறகு அம்மனுக்குப் பக்கத்திலிருந்த திருவிழாக் கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், மழைக்குள் இறங்கிப் போனான்.