மதிலில் ஒட்டிய கோரிக்கை

மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி மதில் எழுப்பி ஆண்டுவந்த நாயை எதிர்க்க, ஆடுகள் கட்சி செங்கமலம் என்ற செம்மறியைப் புதிய தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

"உங்க கோரிக்கையை மதிலில் ஒட்டுங்க. காலையில் படிச்சுட்டுக் கதவைத் திறக்கிறேன்" என்றது நாய்.

செங்கமலம் அன்றே சுவரொட்டி எழுதி, மைதாப் பசை காய்ச்சி, மதில் நீளத்துக்கும் ஒட்டினாள். விடிந்து பார்த்தால் ஒரே ஒரு தாள்தான் மிச்சம்.

"யார் தின்னது?"

"தின்னலை தோழர், விமர்சனம் பண்ணினேன்" என்றது கிழட்டுக் கிடா. "உங்க எழுத்தில் சமரச வாடை அடிக்குது."

"எனக்கு அப்படிப் படலை. உப்புதான் பத்தலை" என்றது வெள்ளாடு. "பழைய தலைவர் பசையில் உப்புப் போடுவார்."

செங்கமலம் மிச்சமிருந்த தாளைப் பார்த்தாள். கதவு திறக்காவிட்டால் இந்தக் கோடையில் குட்டிகளுக்குப் புல் இல்லை. ஆனாலும் தொண்டர்கள் சொன்னதைத் தலைவர் பரிசீலிக்காமல் விடலாமா? கடைசித் தாளின் ஓரத்தை லேசாகக் கடித்தாள். உப்பு உண்மையிலேயே பத்தவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் கொஞ்சம் கடித்தாள்.

அப்போது நாய் வந்தது. "மதிலில் ஒண்ணும் காணோமே. என்னதான் கேட்கிறீங்க, தலைவரே?"

செங்கமலம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் நிறையக் கோரிக்கை இருந்தது.