முதல் காட்சியில் வருகிறவன்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தோசைக்கடையின் கண்ணாடி வழியே சனிக்கிழமைக் காலை வெயில் மேசைக்கு வந்து, ஹம்சினியின் திரைக்கதை மேல் விழுகிறது. எதிரே லோகன் அதன் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர்களைச் சேர்த்துச் சொந்தமாகப் படமெடுத்து, மண்டபம் மண்டபமாகத் திரையிடுகிறவர் அவர். உள்ளே தோசைக்கல் ‘சுர்’ரென்னும் போதெல்லாம் ஹம்சினி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறாள். வங்கி வேலை போக மிஞ்சிய நேரத்தில் நான்கு வருடமாக எழுதிய கதை அது. 1860இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில், ஒரு சிவப்புத் தோல் பெல்ட்டுக்காக எட்டுப் பேர் ஒரே நாளில் மைதானத்தை மூன்று முறை சுற்றி ஆடிய கோல்ஃப் சாம்பியன்ஷிப். பிரபுக்களின் மட்டைகளைச் சுமந்து பிழைக்கும் ஒருவன்தான் அவளுடைய நாயகன். பெரிய படக் கம்பெனிக்காரர்கள் பிரபுவை நாயகனாக்கச் சொன்னார்கள். அவள் முடியாது என்றுவிட்டாள். லோகன் தாள்களை மூடுகிறார். “நான் எடுக்கிறன், பிள்ளை. ஆனா ஒரு இடம் மாத்தோணும்.” அவள் காபி டம்ளரைக் கீழே வைக்கிறாள். “பிரபு விஷயமாண்ணா?” “ஓம். முதல் காட்சியில அவர் குதிரையில வாறார். அங்க அவர் ஏன்? மட்டையளைச் சுமந்துகொண்டு நடந்து வாறவனைக் காட்டுங்கோ.” ஹம்சினி எழுந்தே விடுகிறாள். நாற்காலி கிறீச்சிட, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்புகிறார்கள். “இப்பவே மாத்துறேண்ணா!” லோகன் பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவுவதற்குள், பில் எழுதும் பெண்ணிடம் பேனாவை வாங்கி, முதல் பக்கத்தில் பிரபுவின் பெயரைக் குறுக்கே அடிக்கிறாள். கொத்தமல்லிச் சட்னி பட்ட விரல் காகிதத்தில் பச்சையாகப் பதிகிறது. அவள் அதைத் துடைக்கவில்லை, நின்றபடியே எழுதிக்கொண்டிருக்கிறாள்.