பழச் சர்க்கரை

பேரீச்சம்பழம் வாய்க்குள் போன நேரம் பார்த்து மனைவி கடை வாசலில் வந்து நின்றாள். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்ப்பவர்போலத் தண்ணீர்த் தொட்டியில் குனிந்துகொண்டு மெல்லாமலே விழுங்கினார். கொட்டையும் சேர்ந்து உள்ளே போனது.

“கிளம்பலாங்களா? ரிசல்ட் வந்திருக்கும்.”

“ம்” என்றார். அதற்கு மேல் பேசத் தொண்டை இடம் கொடுக்கவில்லை.

அவள் திரும்பிய சமயத்தில் டப்பாவைப் பழைய டயர்களுக்குப் பின்னால் தள்ளினார். மேலாக நாலைந்து நட்டு போல்ட்டு கிடக்கும். அடியில் பேரீச்சை, உலர்ந்த திராட்சை, ஒரு சின்னத் தேன் பாட்டில்.

இதெல்லாம் டியூப் மாற்ற வந்த ஒரு ஆள் சொல்லிவிட்டுப் போன வைத்தியம். “சீனிதாங்க கெடுதல். பழத்துல இருக்கிறது இயற்கைச் சர்க்கரை. அது ஒண்ணும் பண்ணாது!” காற்றடிக்கிற நேரத்தில் கிடைத்த இந்த ஞானத்தை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பண்ணாது என்றால் எதற்கு டயருக்குப் பின்னால் ஒளித்துவைக்க வேண்டும் என்று மட்டும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

சில மாதங்களுக்கு முன் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். ஆஸ்பத்திரி வாடை பட்டாலே இவருக்குத் தலை சுற்றும். அதனால் ரத்தம் கொடுத்த கையோடு வெளியே பெஞ்சுக்கு ஓடி வந்துவிட்டார். ரிசல்ட் வந்த அன்றும் பெஞ்சுதான். டாக்டரம்மாவை அவள் மட்டும் பார்த்துவிட்டு வந்தாள்.

“உங்களுக்கு லேசா சுகர் ஏறியிருக்காம். இப்பவே வாயைக் கட்டினா மாத்திரையே வேண்டாமாம்.”

அன்றோடு வீட்டில் சர்க்கரை டப்பா காலி. தனக்குக் காய்ச்சல் என்றால் முனகிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாள். இவர் ஒரு தும்மல் போட்டால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் இவருக்குத் துணையாகத் தானும் இனிப்பை விட்டாள். டீயை மருந்துபோலக் குடித்தாள். விடிந்ததும் இவரை எழுப்பி நடக்க இழுத்துப் போனாள்.

அதுதான் இவரை அறுத்தது. தான் கடையில் வெளுத்துக்கட்ட, ஒரு நோயும் இல்லாதவள் வீட்டில் நாக்கை அடக்கிக்கொண்டிருப்பதா? மனம் தாங்காமல் ஒரு நாள் ஒரு பொட்டலம் பேரீச்சையோடு வீட்டுக்குப் போனார்.

“உனக்காகத்தான் வாங்கினேன். எனக்காக நீ எதுக்கு வாயைக் கட்டணும்? பழச் சர்க்கரை ஒண்ணும் பண்ணாதாம்.”

“வேண்டாங்க...” என்று தயங்கினாள். பிறகு பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு, “பழச் சர்க்கரை நிஜமாவே ஒண்ணும் பண்ணாதுங்களா?” என்று கேட்டாள்.

எல்லாம் தன் மேல் உள்ள அக்கறை என்று இவர் உருகிப்போனார். “ஒண்ணுமே பண்ணாது, நான் சொல்றேன்ல!” என்று தேனில் தோய்த்து ஊட்டிவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அது வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் மட்டும் இவருக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

இப்போது மறுபடியும் அதே பெஞ்ச். துணைக்கு என்று அவளும் இந்த முறை ரத்தம் கொடுத்திருந்தாள். அவள் உள்ளே போயிருக்க, இவர் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டு, கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டார். வயிற்றில் அந்தக் கொட்டை அப்படியே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

கதவு திறந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“கூடிடுச்சுங்க. நல்லாவே கூடிடுச்சு. மாத்திரை ஆரம்பிக்கணுமாம்” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். “பழத்துல இருந்து வந்தா என்ன, தேன்ல இருந்து வந்தா என்ன, உடம்புக்கு எல்லாமே சர்க்கரைதான்னு டாக்டரம்மா பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க.”

பழம், தேன்! கடையில் நடப்பது டாக்டரம்மா வரைக்கும் எட்டிவிட்டதா? இவருக்குக் குப்பென்று வியர்த்தது. அவளோ அவர் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலைகுனிவைப் பார்த்ததும் இவருக்கு அடக்க முடியவில்லை.

“என்னைத் திட்டிடு. நான்தான் பாவி. கடையில ஒளிச்சு வெச்சு ஒளிச்சு வெச்சுத் தின்னேன். இப்பக்கூட நீ வந்தப்போ வாயில பேரீச்சம்பழம். எனக்காக நீ பத்தியம் இருந்தே, நான் உன்னை ஏமாத்திட்டேன்.”

அவள் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். கண் நிறைந்திருந்தது. கோபம் வரும் என்று இவர் காத்திருந்தார்; வரவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

“உன்னைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. உனக்குத்தான் ஒரு நோயும் இல்லையேன்னு தினம் ஊட்டிவிட்டேன். இத்தனை நாள்ல நான் பண்ணின நல்ல காரியம் அது ஒண்ணுதான்” என்று மூக்கை உறிஞ்சினார்.

அவள் அவருடைய கிரீஸ் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்குன்னு சொன்னாத்தான் நான் ஒழுங்கா பத்தியம் சமைப்பேன்னு பொய் சொல்லிட்டேங்க. சுகர் எனக்கு.”